கினிப் பன்றியும் புதுக் கனியும்

வட நாட்டு நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு சிறு விருந்தாளியைக் காண்கிறோம். நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் இசைவதில்லை. பூனை வளர்க்க அண்டை வீட்டார் இசைவதில்லை. ஆடும் மாடும் கோழியும் சூழ வாழ்ந்த பாட்டனாரின் பேரப் பிள்ளைகளோ, மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, ஏதேனும் ஓர் உயிரைத் தொட்டு வளர்க்க வேண்டும் என்று ஏங்குகின்றனர். அந்த ஏக்கத்திற்கு இசைவாக வந்து வாய்த்தது கினிப் பன்றி. ஒரு கூண்டு போதும், குரைக்காது, கடிப்பதும் அரிது. குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டால் போதும், இனிய சீட்டியொலி எழுப்பி வீட்டாரை வரவேற்கும்.

பழைய நூல்களில் இதற்குச் சீமைப் பெருச்சாளி என்று பெயர். கினிப் பன்றி என்னும் பெயரில் இரண்டு பிழைகள் உண்டு. இது பன்றி இனத்தைச் சேர்ந்ததும் அன்று; கினி நாட்டிலிருந்து வந்ததும் அன்று. எலி, அணில் முதலியவற்றைப் போலக் கொறித்துண்ணும் வகையைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைத்தொடரை ஒட்டிய பெரு, பொலிவியா, எக்வடார் ஆகிய நாடுகளின் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை இறைச்சிக்காக வளர்த்தனர். ஸ்பானியர் அந்நாடுகளைக் கைப்பற்றிய 16ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கே சமையலறையை விட்டுக் குழந்தைகளின் மடிக்கு ஏறியது. வளர்ந்த விலங்கு 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை எடை இருக்கும். நன்கு பேணினால் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும்.

இதனை வளர்க்கும் அன்பர்கள் நம்மிடம் வினவும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு என்ன பழம் கொடுக்கலாம்?" கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு பழம் இருக்கும். அது ஊரிலிருந்து வந்த பலாவாகவோ, தள்ளுவண்டியில் வாங்கிய லிச்சியாகவோ, கடையில் பளபளத்த டிராகன் பழமாகவோ இருக்கும். இக்கேள்விக்கு விடை கூறும் தகுதியை நாம் நூல்களிலிருந்து மட்டும் பெறவில்லை. நம் இல்லத்தில் நேர்ந்த ஓர் இழப்பிலிருந்தும் பெற்றோம். அதனை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

ஒரு பலாப்பழத்தின் கதை

நம் வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள் இருந்தன. கறுப்பு நிறத்ததைக் கடுகு என்றும், வெளிறிய பழுப்பு நிறத்ததை எள்ளு என்றும் குழந்தைகள் அழைத்தனர். சில ஆண்டுகளுக்கு முன், ஆனித் திங்களில், ஊரிலிருந்து வந்த அத்தையார் ஒருவர் பண்ணுருட்டிப் பலாப்பழம் ஒன்றைக் கோணிப்பையில் சுற்றி, ரயிலில் இரண்டு இரவு காவல் காத்து, தில்லி வரை கொண்டுவந்து சேர்த்தார். அன்று மாலை வீடு முழுவதும் பலா மணம். உறவினர் பிள்ளைகளும் வந்திருந்தனர். ஊர்ப் பழம் கிடைத்த மகிழ்ச்சியைக் கூண்டில் இருப்பவற்றோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தோன்றியது. ஒருவர் கொடுத்தது மற்றவர் அறியாமல், மூவர் மூன்று சுளைகள் கொடுத்தனர். அலுவலகத்திலிருந்து திரும்பிய நாமும், கூண்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு சீட்டியடித்த கடுகின் ஆவலைக் கண்டு, நம் பங்குக்கு ஒரு துண்டு நீட்டினோம்.

மறுநாட்காலை கடுகு ஒரு மூலையில் மயிர் சிலிர்த்துக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது. புல்லைத் தொடவில்லை. உருண்டையாக விழ வேண்டிய புழுக்கை கூழாகக் கிடந்தது. வயிறு பறை போல் விம்மியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. குழந்தைக்குத் தொண்டை வலி கண்டபோது வாங்கிய அமாக்சிசிலின் மருந்து அலமாரியில் மிச்சம் இருந்தது. குழந்தைக்கு ஏற்ற மருந்து இச்சிற்றுயிருக்குத் தீங்கா செய்யும் என்று எண்ணிச் சில துளிகள் வாயில் விட்டோம். மறுநாளும் விட்டோம். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது கடுகின் உடல் குளிர்ந்துகொண்டிருந்தது.

மருத்துவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பழம் வயிற்றைக் கெடுத்தது, மருந்து எஞ்சியிருந்ததையும் கெடுத்தது" என்று மட்டும் சொன்னார். குறைவாகத் தின்றதும், நம் வைத்தியத்துக்கு ஆளாகாததுமான எள்ளு பிழைத்தது. அதற்கும் நான்கு நாட்கள், மூன்று மணிக்கொரு முறை, பொடித்த உலர்புல்லை நீரில் குழைத்து ஊசி இல்லாத பீச்சுக்குழலால் ஊட்ட வேண்டியிருந்தது.

கடுகைப் புதைத்துவிட்டு வந்த இரவில் நம் சிறுமி கேட்டாள்: "அப்பா, நாம் நல்லதைத்தானே கொடுத்தோம்?" இக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வயிற்றின் அமைப்பு

கினிப் பன்றியின் உடல் புல்லுக்காக அமைந்தது. அதன் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை இடைவிடாது அரைத்தால்தான் அவை தேய்ந்து அளவாக நிற்கும். தேயாத பல் நாக்கையும் கன்னத்தையும் குத்தும். பின்னர் விலங்கு உண்ண இயலாமல் மெலியும்.

வாயில் அரைபட்ட புல், குருட்டுக் குடல் என்னும் பெரிய பையைச் சேர்கிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றித் தருபவை அவையே. கினிப் பன்றிக்கு நாம் உணவிடுகிறோம் என்பதைவிட, அதன் வயிற்றில் வாழும் அந்நுண்ணுயிர்களுக்கு உணவிடுகிறோம் என்பதே பொருந்தும். திடீரென்று சர்க்கரை மிகுந்தால் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து தீயவை பெருகும், காற்று நிறையும், குடலின் அசைவு தளரும். மனிதனுக்குள்ள ஒரு வசதி இதற்கு இல்லை. ஒவ்வாததை உண்டுவிட்டால் இதனால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே சென்றது குடல் வழியேதான் வெளியேற வேண்டும்.

பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளை வாய்வழியாகக் கொடுப்பது இதற்குக் கேடாவதும் இக்காரணத்தால்தான். நமக்கு நோய் தரும் கிருமிகளைக் கொல்லும் அம்மருந்து, இதன் குருட்டுக் குடலில் உள்ள துணைவர்களையும் கொன்றுவிடுகிறது. அவை இருந்த இடத்தில் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. லின்கோமைசின், கிளின்டமைசின் ஆகியனவும் இத்தகையனவே. இம்மருந்துகள் எவ்வகையிலும் இதற்கு ஆகா. வீட்டு அலமாரியில் இருக்கும் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்க வேண்டா.

ஆகவே இதன் உணவில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல், புல்லும் உலர்புல்லுமாக இருத்தல் வேண்டும். இங்கே நம்மவருக்கு ஒரு நற்பேறு உண்டு. பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகம்புல்லே இதற்கும் உகந்த உணவு. வடக்கே தூப் என்று கேட்டால் பூக்காரரே தருவார். பூங்காவில் பறிப்பதானால் பூச்சிமருந்து தெளிக்காத இடமாகவும் நாய்கள் திரியாத இடமாகவும் பார்த்துப் பறித்து, கழுவி, நீர் வடித்துக் கொடுக்க வேண்டும். பால்காரர்கள் மாட்டுக்கு இடும் பர்சீம், குதிரைமசால் ஆகிய தீவனங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குட்டிகளுக்கும் சினைப்பட்டவற்றுக்கும் குதிரைமசால் ஏற்றது. வளர்ந்தவற்றுக்கு அதனையே நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப் பையில் கல் உண்டாகக் கூடும்.

நமக்கும் அதற்கும் உள்ள உறவு

புல்லே போதுமானால் பழத்தின் பேச்சு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். விடை வியப்பானது. நாயும் பூனையும் மாடும் முயலும் தமக்கு வேண்டிய சி வைட்டமினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. அவ்வாறு ஆக்கிக்கொள்ள இயலாத சில உயிர்களுள் மனிதன் ஒருவன். கினிப் பன்றி மற்றொன்று. இந்த ஒரு குறையில் நாமும் அதுவும் உறவினர்.

இவ்வுறவை வெளிப்படுத்தியவர்கள் நார்வே நாட்டு அறிஞர்களாகிய ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் ஆகிய இருவர். கப்பலோட்டிகளுக்கு வந்த நோயை ஆராயத் தொடங்கிய அவர்கள் கினிப் பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டும் கொடுத்து வந்தனர். எதிர்பாராத வகையில் அவற்றுக்கு ஸ்கர்வி நோய் கண்டது. ஈறு வீங்கி, மூட்டுகளில் குருதி கசிந்து, மாலுமிகளை மாய்த்த அதே நோய். முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து அதனைத் தடுக்கலாம் என்றும் கண்டனர். 1907ஆம் ஆண்டில் இச்செய்தியை வெளியிட்டனர். பின்னர் 1932ஆம் ஆண்டில், ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி தாம் முன்பே பிரித்தெடுத்த ஒரு பொருள்தான் சி வைட்டமின் என்பதைக் கினிப் பன்றிகளைக் கொண்டே மெய்ப்பித்தார். அவர் வாழ்ந்த செகெட் நகரின் மிளகாய் வகையில் அது மிகுதியாக இருக்கக் கண்டு, அதிலிருந்து பெருமளவு எடுத்தார். 1937ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். மனித குலத்தை ஸ்கர்வியிலிருந்து காக்கும் அறிவு இச்சிற்றுயிரின் உடலில் கற்றது. அந்த உயிருக்கே நம் வீட்டில் அந்நோய் வர விடுதல் நன்றி ஆகாது.

வளர்ந்த கினிப் பன்றிக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை சி வைட்டமின் வேண்டும். சினைக் காலத்திலும் நோயுற்றபோதும் கூடுதலாக வேண்டும். இங்கே ஒரு பொதுவான தவறைக் குறிப்பிட வேண்டும். கடைகளில் பலர் முயல் தீவனத்தை, இரண்டும் ஒன்றே என்று சொல்லி விற்கின்றனர். முயலுக்குச் சி வைட்டமின் வெளியிலிருந்து வேண்டுவதில்லை. ஆதலால் அதன் தீவனத்தில் அதனைச் சேர்ப்பதில்லை. அதை மட்டும் நம்பிய கினிப் பன்றி சில வாரங்களில் நோயுறும். குடிநீரில் வைட்டமின் துளிகளைக் கலப்பதும் பயனற்றது. நீரிலும் ஒளியிலும் அது விரைவில் சிதைந்துவிடும்.

எனவே, பழமும் காயும் இதற்கு விருந்து மட்டும் அல்ல, மருந்தும் ஆகும். மருந்துக்கு அளவு உண்டு அன்றோ? அந்த அளவை மறந்ததே நாம் செய்த பிழை.

நான்கு கேள்விகள்

உலகத்தில் உள்ள பழங்கள் அனைத்துக்கும் பட்டியல் எழுதி வைப்பது இயலாது. நாம் வாழும் நகரம் மாறும், பருவம் மாறும், புதிய பழம் ஒன்று கடைக்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே எந்தப் புதுப் பழத்தையும் கூண்டுக்குள் இடுமுன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் நலம் தரும்.

முதலாவது, இதன் கொட்டையிலும் தோலிலும் பாலிலும் நஞ்சு உண்டா? இரண்டாவது, இதில் சர்க்கரை எவ்வளவு? மூன்றாவது, இதில் கொழுப்பு உண்டா? நான்காவது, சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் பொருள் உண்டா? இந்நான்கில் ஒன்றுக்கேனும் விடை தெளிவாகத் தெரியாவிட்டால் கொடுக்க வேண்டா. கொடுக்காத பழத்தால் எந்தக் கினிப் பன்றிக்கும் கேடு வந்ததில்லை.

பழங்கள் ஒவ்வொன்றாக

நெல்லிக்காய், கொய்யா ஆகிய இரண்டும் நம் நாட்டுப் பழங்களுள் முதன்மையானவை. இவ்விரண்டிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சி வைட்டமின் உண்டு. கணக்குப் பார்த்தால், கொய்யாவில் 10 கிராம் எடையுள்ள ஒரு சிறு துண்டே ஒரு நாளைய தேவைக்குப் போதும். நடுவில் உள்ள கெட்டி விதைகளைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுக்க வேண்டும். நெல்லிக்காயில் மெல்லிய சீவல் ஒன்று போதும், துவர்ப்பினால் சில விலங்குகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வற்புறுத்த வேண்டா. உப்பிலிட்ட நெல்லியும், தேனில் ஊறிய நெல்லியும், முரப்பாவும் இதற்கு ஆகா. தெருவில் விற்கும் கொய்யாவில் தூவிய மிளகாய்ப் பொடியும் கறுப்பு உப்பும் அவ்வாறே.

நாள்தோறும் கொடுப்பதற்குப் பழத்தினும் சிறந்தது குடைமிளகாய். இதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 முதல் 130 மில்லிகிராம் வரை சி வைட்டமின் உண்டு, சர்க்கரையோ குறைவு. காம்பும் விதையும் நீக்கிய ஒரு கீற்று, சிறிது கொத்துமல்லித் தழை, நிறையப் புல் ஆகியவற்றைக் கொடுத்து வந்தால் பழத்தையே நம்பி இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஓரிரு நாள் பழம் கொடுத்தால் போதும்.

பலா, வாழை, சப்போட்டா, மாம்பழம், திராட்சை ஆகியன சர்க்கரை மிகுந்தவை. இவற்றில் நகக்கண் அளவு எப்போதேனும் கொடுத்தால் தீங்கு இல்லை. சுளையும் கீற்றுமாகக் கொடுத்தால் தீங்கு உண்டு. மாங்காய்க் காம்பில் வடியும் பால் நம் உதட்டையே புண்ணாக்குவதை அறிவோம். ஆகவே தோல் நீக்கிய சதை மட்டுமே. சப்போட்டாவின் விதை முனையில் கொக்கி போன்ற கூர் உண்டு, தொண்டையில் சிக்கும். பேரீச்சை, உலர்திராட்சை முதலிய உலர்ந்த கனிகளில் சர்க்கரை செறிந்து நிற்பதால் அவற்றைத் தவிர்க்கவே வேண்டும். மலைக்குச் சென்று வந்தவர் தந்த பஞ்சாமிர்தத்தைத் தொட்டு நாவில் வைக்கும் அன்பும் வேண்டா. வாழையும் வெல்லமும் தேனும் நெய்யும் கூடிய அப்பிரசாதம் நமக்கு அருள். அதன் வயிற்றுக்கு இடர்.

கோடையில் வடக்கே குவியும் லிச்சி நம்மவர் பிள்ளைகளுக்குப் புதுமை. இதன் கொட்டையிலும் பழுக்காத காயிலும் குருதியின் சர்க்கரையைத் தாழ்த்தும் பொருள்கள் உண்டு. பீகாரில் முசாபர்பூர்ப் பகுதிக் குழந்தைகளுக்கு 2014ஆம் ஆண்டில் நேர்ந்த மூளை நோயை ஆராய்ந்தவர்கள், இரவு உணவின்றி லிச்சி தின்றதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக 2017ஆம் ஆண்டில் எழுதினர். கினிப் பன்றிக்கு நன்கு பழுத்த சதையில் சிறு துண்டுக்கு மேல் வேண்டா. ஓடும் கொட்டையும் கூண்டருகே கிடக்கவும் வேண்டா.

பீச், பிளம், ஆப்ரிகாட், ஆப்பிள் ஆகியவற்றின் விதைகளுக்குள் சயனைடு என்னும் கொடிய நஞ்சாக மாறத்தக்க பொருள் உண்டு. சதையில் அது அஞ்சத்தக்க அளவில் இல்லை. விதையும் நடுப்பகுதியும் நீக்கி, ஒரு மெல்லிய துண்டு கொடுக்கலாம். நாவற்பழமும் இலந்தையும் கொட்டை நீக்கிய பின்னரே கூண்டுக்குச் செல்ல வேண்டும். ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களில் பாதிச் சுளை, விதையின்றி. புளிப்பு மிகுந்தால் வாயோரம் புண்ணாகக் கூடும். கிவியும் டிராகன் பழமும் தோல் நீக்கிச் சிறு துண்டாகக் கொடுக்கலாம். செந்நிற டிராகன் பழம் தின்ற விலங்கின் சிறுநீர் மறுநாள் சிவந்து தோன்றினால் உடனே அஞ்ச வேண்டியதில்லை; பழம் கொடுக்காதபோது சிவந்தால் அஞ்ச வேண்டும். நுங்கு பெரும்பாலும் நீரே. தீமை இல்லாததுபோல் பெரிய நன்மையும் இல்லை.

முற்றிலும் விலக்க வேண்டியவை சில. வெண்ணெய்ப் பழம் என்னும் அவகாடோவில் பெர்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. நமக்குத் தீங்கு செய்யாத அது, முயலுக்கும் கினிப் பன்றிக்கும் பறவைகளுக்கும் இதயத்தைத் தாக்கும். உடல் நலத்துக்கு நல்லது என்று நாம் வாங்கி வரும் பழம் ஆதலால் இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஐந்து சிறகுகளோடு நட்சத்திரம் போல் நறுக்கப்படும் தமரத்தம் பழம், வடக்கே கமரக் எனப்படுவது, ஆக்சலேட் மிகுந்தது. சிறுநீரகம் தளர்ந்த மனிதருக்கே அது நஞ்சு. சிறுநீர்க் கல்லுக்கு எளிதில் ஆளாகும் இவ்வுயிருக்கு அதனைத் தர வேண்டா. சீத்தாப்பழத்தின் விதையை அரைத்துப் பேனுக்குப் பூசுவதையும், அது கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்று பாட்டிமார் எச்சரிப்பதையும் நாம் அறிவோம். விதை பிரித்தெடுக்க அரிதாக உள்ள அப்பழம் கூண்டுக்கு வேண்டா. தேங்காய் கொழுப்பு மிகுந்தது, விலக்குக. ஊறுகாய், சாட், ஜாம் எதுவும் பழம் என்னும் பெயரால் உள்ளே செல்லக் கூடாது.

கொடுக்கும் முறை

புதிய பழத்தைக் காலையில் கொடுப்பது நல்லது. பகல் முழுவதும் கவனிக்க முடியும். நன்கு கழுவி, விதையும் தோலும் நீக்கி, கட்டை விரல் நகத்தளவு நறுக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு புதுப் பொருளுக்கு மேல் கொடுக்கலாகாது. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் கேடு வந்தபோது எதனால் வந்தது என்று அறிய முடியாது. கொடுத்த பின் ஒரு நாள் முழுவதும் புழுக்கையைப் பாருங்கள். அது உறுதியாக, நீள்வட்டமாக, வழக்கமான எண்ணிக்கையில் இருந்தால் அப்பழம் ஒத்துக்கொண்டது. மென்மையானாலோ குறைந்தாலோ பழத்தையும் காயையும் நிறுத்திப் புல்லும் நீரும் மட்டும் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தின்னாத துண்டை எடுத்துவிட வேண்டும். கோடையில் அது புளிக்கும்; எறும்பையும் அழைக்கும்.

பிள்ளைகள் பலர் இருக்கும் வீட்டில் இன்னும் ஒரு விதி வேண்டும். பழம் கொடுக்கும் உரிமை ஒரு நாளுக்கு ஒருவருக்கே. நம் வீட்டில் இப்போது கூண்டின்மேல் ஒரு நாட்காட்டித் தாள் தொங்குகிறது. கொடுத்தவர் அன்றைய கட்டத்தில் பழத்தின் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்த நாளில் வேறு எவரும் கொடுப்பதில்லை, விருந்தாளியும் கொடுப்பதில்லை. இத்தாள் அன்று தொங்கியிருந்தால் கடுகு இறந்திராது. வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையையும் அதில் குறிக்கிறோம். நோயை முதலில் காட்டுவது எடையே. கண்ணுக்கு நலமாகத் தோன்றும்போதே உடல் குறையத் தொடங்கியிருக்கும்.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறையில் நாம் அனைவரும் ஊர் செல்கிறோம். அப்போது கூண்டு அண்டை வீட்டுக்குச் செல்கிறது. அந்த அம்மையார் அன்புடையவர், ஆதலால்தான் அச்சம். வந்த உயிரைப் பட்டினி போட மனம் வராமல் ரொட்டியும் பாலும் அல்வாவும் இட்டுவிடக் கூடும். நாம் தமிழில் எழுதி வைத்த குறிப்பு அவருக்குப் பயன்படாது. அவர் படிக்கும் மொழியில், இந்தியோ வங்காளமோ மராத்தியோ, பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதிக் கூண்டில் கட்டுங்கள். எப்போதும் புல், எப்போதும் நீர், நாளுக்கு ஒரு கீற்றுக் குடைமிளகாய், பழம் வேண்டா, ரொட்டியும் பாலும் இனிப்பும் வேண்டா என்னும் ஐந்து வரிகள் போதும். ஆறாவது வரியாக, விலங்குகளைப் பார்க்கும் மருத்துவரின் இருப்பிடம். நாயையும் பூனையையும் மட்டுமே பார்ப்பவர் பலர் உளர். கினிப் பன்றியைப் பார்த்துப் பழகியவர் எங்கே இருக்கிறார் என்பதை நோய் வருமுன்னரே விசாரித்து வைத்தல் வேண்டும். வெயிலில் வைக்க வேண்டா என்பதையும் வாய்மொழியாகச் சொல்லிச் செல்லுங்கள். மலைநாட்டு விலங்கு ஆதலால் வடக்கின் கோடைக் காற்று இதற்குப் பகை.

ஆபத்துக் குறிகள்

பாதி நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் அதனை அவசரமாகக் கொள்க. வயிறு விம்முதல், பல்லைக் கடித்தல், புழுக்கை நின்றுபோதல் ஆகியன குடல் தளர்ந்ததைக் காட்டும். நடக்கத் தயங்குதல், மூட்டு வீங்குதல், தொட்டால் கத்துதல், மயிர் கரடுமுரடாதல் ஆகியன சி வைட்டமின் குறைவைக் காட்டும். சிறுநீர் கழிக்கும்போது முனகுதல், குருதி கலத்தல் ஆகியன கல்லைக் காட்டும். இவற்றுள் எதற்கும் வீட்டு வைத்தியம் இல்லை. நாளை பார்ப்போம் என்று நாம் கழித்த இரண்டு நாட்களே கடுகுக்கு இல்லாமற்போன நாட்கள்.

சிறுமியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆம், நாம் நல்லதைத்தான் கொடுத்தோம். நமக்கு நல்லதைக் கொடுத்தோம். ஊரை விட்டு வந்தவர்களாகிய நாம், ஊரிலிருந்து வரும் எதையும் நான்கு பேருக்குக் கொடுத்து உண்டால்தான் நிறைவடைகிறோம். அப்பண்பு நம்மைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால், எதிரே இருப்பவரின் வயிறு எத்தகையது என்று கேட்டறிந்த பிறகு கொடுப்பதே விருந்தோம்பல்.

எள்ளு இன்றும் நலமாக இருக்கிறது. கூட்டமாக வாழும் இயல்பினது ஆதலால், அதற்குத் துணையாக மற்றொன்றையும் கொண்டுவந்தோம். குழந்தைகள் அதற்கு மிளகு என்று பெயர் வைத்துள்ளனர். இவ்வாண்டும் அத்தையார் பலாப்பழத்தோடு வந்தார். சிறுமி ஒரு சுளையை எடுத்தாள். நகத்தளவு இரண்டு துண்டுகள் கிள்ளினாள். தாளில் "பலா" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மீதியைத் தானே தின்றாள். பிறகு இரண்டுக்கும் ஒரு கைப்பிடி அறுகம்புல் இட்டாள்.